கஸ்பார் உட்காரத் தகுந்த இடம்

"யாரைத் தேடுறீங்கம்மா?" என்று கேட்கிறான் வாசலில் நிற்கும் காவலாளி. ஐம்பத்தெட்டு வயதுப் பெண் ஒருத்தி, டியூட்டி முடிந்த கையோடு நர்ஸ் சேலையும் சாப்பாட்டுப் பையுமாக ஒயின் பார் வாசலில் வந்து நின்றால் அவள் யாரையாவது தேடித்தான் வந்திருக்க வேண்டும், வேறு காரணம் அவனுக்குத் தோன்றவில்லை. "யாரையும் தேடலை, இடம் பாக்க வந்தேன். நாளைக்கு மத்தியானம் ஆறு பேர் உக்காரணும்." மேலும் கீழும் பார்க்கிறான். "ஃபேமிலி ரெஸ்டாரன்ட் அடுத்த வீதியில இருக்கும்மா" என்கிறான், பெரிய உதவி செய்கிறவன் போல. எனக்கு வேண்டியது ஃபேமிலி ரெஸ்டாரன்ட் இல்லை. என் மகள் நத்தாலியைப் பெண் கேட்டு பாரிஸ் பக்கத்திலிருந்து வந்திருக்கிறவர்களுக்கு ஒயின் பார்தான் வேண்டுமாம். பையனின் அம்மா மதாம் லெயோந்தின் வியாழக்கிழமை போனில் சொன்னது வார்த்தைக்கு வார்த்தை காதில் இருக்கிறது. "வீட்டுல எல்லாம் வேணாம் பெர்னதெத். இந்த வெயில்ல நீங்க அடுப்படியில நின்னு வேகணுமா? ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் நேரா ஒரு நல்ல ஒயின் பாருக்குப் போயிடலாம். நீங்களே பாத்து வைங்க, ஊர் உங்களுக்குத்தானே தெரியும்." ஊர் எனக்குத் தெரியும், தெரியாமல் என்ன. அதோடு விட்டாளா? "எங்க குடும்பத்துல தட்டு மாத்துறது கிடையாது. ரெண்டு அப்பாவும் கிளாஸைத் தொட்டுக்கிட்டு ஒரு வாய் குடிச்சா வார்த்தை குடுத்த மாதிரி, அவ்வளவுதான்" என்று சிரித்தாள். ஒரு வாய். கஸ்பார் குடியை விட்டு நான்கு வருடம் இரண்டு மாதம் ஆகிறது. என் வீட்டுக்காரருக்கு ஒரு வாய் என்று ஒன்று கிடையாது. ஒரு வாய்க்குப் பிறகு மூன்று நாள், மூன்று நாளுக்குப் பிறகு என் வார்டிலேயே ஒரு கட்டில். அவர் குடித்தால் வீடு போகும், குடிக்காமல் கிளாஸைத் தள்ளி வைத்தால் ஏன் என்று கேட்பார்கள், கேட்டால் சொல்ல வேண்டும், சொன்னால் கல்யாணம் போகும். இரண்டும் போகாமல் இருக்கிற மாதிரி ஒரு நல்ல பாரைத்தான் சனிக்கிழமை மூன்றரை மணி வெயிலில் நான் தேடிக்கொண்டிருக்கிறேன், இதை இந்தக் காவலாளிக்கு எந்த வாயால் சொல்வது.

உள்ளே விட்டுவிட்டான், விடாமல் என்ன, நான் நகரவில்லை. குளிர் முகத்தில் அடிக்கிறது. வெளியே மஞ்சள் சுவர், உள்ளேயும் மஞ்சள் சுவர், சுவர் முழுக்க இந்த ஊரின் பழைய படங்கள், கப்பல், கலங்கரை விளக்கம், தொப்பி போட்ட துரைமார். படத்தில் இருக்கிற தமிழர்கள் எல்லாம் வண்டி இழுக்கிறார்கள். கறுப்புச் சட்டை போட்ட மேனேஜர் அட்டையை நீட்டிவிட்டு ஒப்பிக்கத் தொடங்குகிறான், இது பிரான்ஸ், இது இத்தாலி, இது நம்ம நாசிக், இதில் செர்ரி வாசனை, இதில் ஓக் மரம், இதில் மண் வாசனை. மண் வாசனைக்கு இவனிடம் வர வேண்டுமா. நான் நேராகக் கேட்கிறேன், திராட்சை ஜூஸை ஒயின் கிளாஸிலேயே ஊற்றித் தருவீர்களா. "மாக்டெயில் இருக்கு மேடம்" என்கிறான் உற்சாகமாக, ஒன்றை வரவழைத்தே காட்டிவிட்டான், ஒரு சாண் உயரக் கண்ணாடி, மேலே காகிதக் குடை, குடைக்குப் பக்கத்தில் ஒரு அன்னாசித் துண்டு, வெள்ளரிக்காய். மின்துறையில் முப்பத்தைந்து வருடம் கம்பம் ஏறிய மனுஷன் கையில், வருங்காலச் சம்பந்தி எதிரில், காகிதக் குடை. "குடை இல்லாம, அதே மாதிரி கிளாஸ்ல, மத்தவங்களோடது மாதிரியே" என்றேன். "அப்படித் தர்றதில்ல மேடம், எது ஒயின் எது ஜூஸ்னு சர்வருக்குக் குழம்பிடும்." குழம்பட்டுமே என்றுதானே வந்திருக்கிறேன். எனக்குக் கோயில் ஞாபகம் வருகிறது, ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பீடத்தில் ஃபாதர் ஒருவர் மட்டும் திராட்சை ரசக் கிண்ணத்தைத் தூக்கிக் குடிக்கிறார், நானூறு பேர் முழங்காலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறோம், நீ ஏன் குடிக்கவில்லை என்று ஒருவரும் ஒருவரையும் கேட்பதில்லை. கஸ்பார் அங்கே நிம்மதியாக நிற்கிறார். உலகத்திலேயே அவர் ரசத்துக்கு எதிரில் பயமில்லாமல் நிற்கிற இடம் அது ஒன்றுதான், ஆனால் கோயிலில் ஆறு பேருக்கு மேசை போட மாட்டார்கள்.

வெளியே வந்தால் வெயில் அப்படியே நிற்கிறது. வீதியில் ஒரு கல்யாண ஜோடி மஞ்சள் சுவரில் சாய்ந்து நிற்கிறது, போட்டோக்காரன் மணப்பெண்ணை இன்னும் கொஞ்சம் சாயச் சொல்கிறான், எங்கிருந்தோ வந்தவர்கள், காகிதப்பூ நிழலில் நின்றால் பிரான்ஸ் மாதிரி தெரியுமாம். யாரைத் தேடுறீங்க. அந்தக் கேள்வி காலில் முள் மாதிரி வந்துகொண்டே இருக்கிறது. இருபத்திரண்டு வருடம் இதே ஊரில் இதே கேள்விக்கு நான் பதில் சொல்லியிருக்கிறேன், மின்துறை கஸ்பாரைத் தேடுறேன், உயரமா இருப்பார், காக்கிச் சட்டை, இடது கையில ஷாக் அடிச்ச தழும்பு இருக்கும். ஜென்மராக்கினி மாதா கோயில் கோபுரத்தை நடுவில் வைத்து ஒரு வட்டம் போட்டால் அந்த வட்டத்துக்குள் எத்தனை சாராயக்கடை, எத்தனை ஒயின்ஷாப், எதற்குப் பின்வாசல் எந்தச் சந்தில் திறக்கும், எந்தக் கடைக்காரன் உண்மை சொல்வான், எவன் இங்கே வரவில்லை என்று சொல்லிக்கொண்டே கண்ணால் மூலையைக் காட்டுவான், எல்லாம் எனக்கு மனப்பாடம். எல்லாக் கடையையும் நான் வாசலில் நின்று பார்த்திருக்கிறேன், ஒன்றிலும் உட்கார்ந்ததில்லை. சுற்றுலாக்காரர்கள் கையில் வைத்துக்கொண்டு அலைகிற வரைபடத்தில் தேவாலயம் இருக்கிறது, கடற்கரை இருக்கிறது, காபிக் கடைகள்கூட இருக்கின்றன, நான் ஒன்று வரைந்தால் வேறு மாதிரி இருக்கும். ஊர் உங்களுக்குத்தானே தெரியும் என்றாளே, அந்த வார்த்தையில் ஏதாவது இருந்ததா? இல்லை, இருக்காது, நாற்பது வருடமாக வெளிநாட்டில் இருப்பவள், எதார்த்தமாகச் சொன்னாள். எதார்த்தமாகச் சொன்னால்கூடக் கோபம் வருகிறது. ஒரு வீட்டில் பெண் எடுக்க வருகிறவர்கள் அந்த வீட்டில் வந்து உட்கார மாட்டார்களாம், அந்த வீட்டுத் தண்ணீரைக் குடிக்க மாட்டார்களாம், வெயிலில் நான் வேகக் கூடாதாம், இப்போது மட்டும் என்ன நிழலிலா நிற்கிறேன்.

இரண்டாவது இடம் மாடியில், கடல் தெரியும் என்று நத்தாலி சொல்லியிருந்தாள். தெரிகிறது, தண்ணீர்த் தொட்டிக்கும் விளம்பரப் பலகைக்கும் நடுவில் ஒரு முழத் துண்டு. படியேறும்போதே மூட்டு வலிக்கிறது, மேலே போனால் பாட்டு தலையில் இடிக்கிறது, ஒயின் பாட்டில்களை அலங்காரமாக வெயிலில் அடுக்கியிருக்கிறார்கள், நாங்கள் ஊசி மருந்தை அப்படி வைத்தால் ஸ்டோர் இன்சார்ஜ் சஸ்பெண்ட் செய்துவிடுவார். இங்கே யாரும் ஒயின் குடிக்கவில்லை, எல்லா மேசையிலும் பீர். இந்தச் சத்தத்தில் யார் குடித்தார் யார் குடிக்கவில்லை என்று யாருக்குத் தெரியப்போகிறது, ஒருவேளை இதுவே நல்லதோ என்று நினைத்த அதே நொடியில் மூலை மேசையிலிருந்து ஒருவன் துள்ளி எழுகிறான். அருளாந்து. கஸ்பாரோடு லைன்மேன் வேலை பார்த்தவன், எங்கள் வீட்டு வாசலில் அவரைக் கிடத்திவிட்டுப் போனவர்களில் ஒருவன். "அண்ணி! அண்ணன் இங்க வரலை அண்ணி! மாதா மேல சத்தியமா வரலை!" என்கிறான், நான் வாயே திறக்கவில்லை. நான்கு வருடம் கழித்துப் பார்க்கிறான், முதல் வார்த்தை அதுதான், பழக்கம் அவ்வளவு ஊறியிருக்கிறது. "தெரியும். வீட்டுல இருக்கார்" என்றேன். "வீட்டுலயா? நல்லாருக்காரா? ஆளையே காணோமேன்னு நாங்க என்னென்னமோ நெனச்சோம் அண்ணி, ஒருத்தன் செத்தவங்க பூசைக்கே எழுதி வெச்சிடலாம்னான்." பக்கத்தில் இருந்தவர்கள் சிரிக்கிறார்கள். "நல்லாருக்கார், அதான் உன் கண்ணுல படலை." அவனும் சிரிக்கிறான், கோபமே வராத ஜன்மம், பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்கிறான், "நெசமாவே விட்டுட்டாரா அண்ணி? ஒரு நாளைக்குக் கூட்டிட்டு வாங்களேன், சும்மா உக்காந்து பேசிட்டுப் போகட்டும், நான் வற்புறுத்த மாட்டேன்." வற்புறுத்த மாட்டானாம். நாளைக்கு இங்கே மேசை போட்டால் இவன் வருவான், கையை விரித்துக்கொண்டு வருவான், சம்பந்தி எதிரில் கஸ்பார் தோளில் கை போட்டு, அந்தக் காலத்தில் நாங்கள் ரெண்டு பேரும் என்று தொடங்குவான். இவன் இல்லாவிட்டால் இன்னொருவன். ஊர் அவ்வளவுதான், ஒரு கோபுரம், நாலு வீதி, எங்கே உட்கார்ந்தாலும் எவனாவது ஒருவனுக்கு அவரைத் தெரியும். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியிறங்குகிறேன்.

குடிக்கிறவனை என்ன செய்வது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும், திட்டுவார்கள், தூக்கிக்கொண்டு வருவார்கள், மோர் கொடுப்பார்கள். விட்டவனை என்ன செய்வது என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை. நான்கு வருடத்துக்கு முன் திருநீற்றுப் புதனன்று கஸ்பார் ரத்த வாந்தி எடுத்தார், நெற்றியில் சாம்பல் சிலுவையோடு எங்கள் மருத்துவமனைக்கே கொண்டு வந்தார்கள், அன்றைக்கு நான்தான் டியூட்டி சிஸ்டர், நாடி பார்த்தபோது அது என் கணவரின் கை என்று எனக்கு உறைக்கவே சில நொடிகள் ஆயின, தழும்பைப் பார்த்துத்தான் உறைத்தது. அதற்குப் பிறகு அவர் தொடவில்லை. தொடவில்லை என்று எப்படித் தெரியும்? சாயங்காலம் அவர் கழற்றிப் போடுகிற சட்டையைத் துவைக்க எடுப்பது போல எடுத்து முகர்ந்து பார்ப்பேன். நான்கு வருடம் இரண்டு மாதம், ஒரு நாள் விடாமல். வியர்வை, பீடி, மீன் மார்க்கெட், வேறு எதுவும் இருந்ததில்லை. அவருக்குத் தெரியுமா? தெரிந்திருக்கும், சட்டையை நான் எடுக்கிற இடத்திலேயே கழற்றிப் போடுகிறார். நாங்கள் இதைப் பற்றிப் பேசியதே இல்லை. வெள்ளிக்கிழமை காலை, நாளைக்கழித்து பாருக்குப் போக வேண்டுமாம் என்று சொன்னபோது செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு "சரி" என்றார், அவ்வளவுதான், சரி என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன். நத்தாலியிடம் முன்பே கறாராகச் சொல்லிவிட்டேன், அப்பா விஷயம் எதையும் அந்தப் பையன் ழெரோமிடம் சொல்லக் கூடாது, கல்யாணம் முடிகிற வரைக்கும் மூச்சு விடக் கூடாது. "சரிம்மா" என்றாள், கேட்டு முடிப்பதற்குள்ளேயே சொன்னாள். அப்பாவும் பெண்ணும் ஒரே மாதிரி. எல்லாரும் சரி சரி என்று சொல்லிவிட்டு வீட்டில் இருக்கிறார்கள், வெயிலில் பார் பாராக ஏறி இறங்குவது நான். குடித்த காலத்திலும் நான்தான் அலைந்தேன், குடிக்காத காலத்திலும் நான்தான் அலைய வேண்டும் என்றால் இதற்கு என்றைக்குத்தான் முடிவு.

மூன்றாவது இடம் ஒரு பழைய வீடு, வாசலில் காவலாளி இல்லை, அதற்கே ஒரு கும்பிடு போடலாம். உள்ளே முற்றம், முற்றத்தில் கம்பி வலை போட்டு மூடிய கிணறு, சுற்றி ஆறேழு மேசை, ஆள் நடமாட்டம் இல்லை. பாட்டில்களை நிழலில் படுக்க வைத்திருக்கிறார்கள். மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு பெண், நாற்பத்தைந்து வயதிருக்கும், துணியால் கிளாஸ்களைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள், இடத்தை நடத்துவது அவள்தானாம், பெயர் அமலோற்பவம். "வாங்கக்கா, முதல்ல உக்காருங்க" என்கிறாள். இன்றைக்கு என்னை உட்காரச் சொன்ன முதல் ஆள். தண்ணீர் கொடுத்தாள். "ஆறு பேர். அதுல ஒருத்தர் குடிக்க மாட்டார். ஆனா குடிக்கலைங்கறது தெரியக்கூடாது." துணியைக் கீழே வைக்கிறாள். "விட்டு எத்தனை வருஷமாச்சு?" எப்படிக் கண்டுபிடித்தாள் என்று கேட்கத் தோன்றவில்லை. "நாலு." "மாதுளையும் கறுப்புத் திராட்சையும் கலந்து ஊத்திடுறேன், நிறம் அச்சு அசல் ஒயின் மாதிரியே இருக்கும். நானே ஊத்துறேன், வேற யாரையும் அந்த மேசைக்கு விட மாட்டேன். போன மாசம் ஒரு டாக்டருக்குச் செஞ்சேன், பக்கத்துல உக்காந்திருந்த அவர் பொண்டாட்டிக்கே தெரியலை." அப்பாடா. தோளிலிருந்து பையை இறக்கி மடியில் வைத்துக்கொள்கிறேன், கிடைத்துவிட்டது, கஸ்பார் உட்காரலாம், கிளாஸைத் தொட்டுக்கொள்ளலாம், ஒரு வாய் மாதுளை, வார்த்தை கொடுத்தாயிற்று. அமலோற்பவம் இன்னும் நின்றுகொண்டிருக்கிறாள். "ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்காதீங்க. அவர் கிளாஸை நான் பாத்துக்குவேன். மத்த அஞ்சு கிளாஸை என்ன பண்றது? ரெண்டு மணி நேரம் வாசனை மேசை மேலயே நிக்கும். அண்ணனைக் கேட்டீங்களா?" "என்ன கேக்கணும்?" "உக்கார முடியுமான்னு." சுரீர் என்றது. இவள் யார், பத்து நிமிடப் பழக்கம், என் வீட்டுக்காரர் எங்கே உட்கார முடியும் முடியாது என்று எனக்குச் சொல்லித்தர வந்துவிட்டாள், முப்பத்தொரு வருடம் குடும்பம் நடத்தியவளுக்கு. "அதெல்லாம் முடியும், நாளைக்குப் பன்னண்டரைக்கு எழுதிக்கோங்க" என்றேன். எழுதிக்கொண்டாள். கேட்டிருக்கிறேனா? இல்லை. ஒரு தடவைகூட இல்லை.

இடம் கிடைத்ததைச் சொல்லிவிடலாம் என்று கிணற்றடியில் நின்று மதாம் லெயோந்தினுக்குப் போன் போடுகிறேன். "ரொம்ப சந்தோஷம் பெர்னதெத், பழைய வீடா? நல்லது, நல்லது" என்கிறாள், பிறகு பேச்சோடு பேச்சாக, "குடிக்காதவங்களுக்கு அங்க என்ன தருவாங்க?" என்கிறாள். "யாரு குடிக்காதவங்க?" "மிசியே கஸ்பார்தான்." கிணற்றுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். "ழெரோம் சொன்னான். நத்தாலி அவன்கிட்ட ஒண்ணையும் மறைக்கலை, ஆரம்பத்துலயே சொல்லிட்டா. அவளைத் திட்டாதீங்க." "தெரிஞ்சுமா பாருக்கு வரச் சொன்னீங்க?" "தெரிஞ்சதாலதான். நேர்ல பாக்கணும்னு நெனச்சேன்." பார்க்க வேண்டுமாம். என்னத்தைப் பார்ப்பது, கூண்டுக்கு வெளியே கறியைத் தொங்கவிட்டு வேடிக்கை பார்ப்பதா. எனக்கு வந்த ஆத்திரத்தில் முற்றம் முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்திவிட்டேன், "ஆபரேஷன் பண்ணின வயித்துல தையல் தாங்குதான்னு பாக்க யாராவது குத்திப் பாப்பாங்களா? எங்க வார்டுல அப்படி ஒருத்தி செஞ்சா போலீஸ்ல புடிச்சுக் குடுப்போம்." அவள் எதிர்த்துப் பேசவில்லை. நிதானமாகத்தான் சொல்கிறாள், "எங்க அண்ணன் மார்செல் ஆறு வருஷம் தொடலை. எல்லாரும் நம்பினோம். ழெரோம் ஞானஸ்நான விருந்துல ஒரு ஷாம்பெய்ன், ஒண்ணே ஒண்ணு. சாயந்தரம் புள்ளையைத் தூக்கிட்டு மாடிப்படி இறங்கினான். ழெரோம் புருவத்துல ஒரு வெட்டு இருக்கு பாத்திருப்பீங்க, நத்தாலிகூட அது அழகா இருக்குன்னு சொல்லுவா. அது அந்தப் படி. நாளைக்குப் பேரப்புள்ளை பொறந்தா உங்க வீட்டுலதான் வளரும் கொஞ்ச நாள், எனக்குப் பயமா இருக்கு. நீங்க சொல்லுங்க, நீங்க நம்புறீங்களா அவரை?" போனை வைத்துவிட்டேன்.

நம்புகிறேனா? என்ன கேள்வி இது, ஒரு மனுஷியைக் கேட்கிற கேள்வியா. சாப்பாட்டுப் பை கீழே விழுந்து டிபன் டப்பா கல்தரையில் உருள்கிறது, அமலோற்பவம் எடுத்துக் கொடுத்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போகிறாள். மாதுளைச் சாற்றை யாருக்காகப் பேசி வைத்தேன்? சம்பந்தியை ஏமாற்ற என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அவர்களுக்கோ முதலிலிருந்தே தெரியுமாம். கிளாஸில் ஒயின் இருந்தால் அவர் குடித்துவிடுவார் என்று முடிவு கட்டிக்கொண்டு ஒரு மணி நேரத்துக்கு மேலாக அலைகிறவள் நான். லெயோந்தின் ஒரு மத்தியானம் பார்க்க நினைத்ததை நான் நான்கு வருடமாக ஒவ்வொரு சாயங்காலமும் பார்க்கிறேன். அந்தச் சட்டை. அது புத்தியில் ஏறியதும் அவள் மேல் இருந்த கோபம் குறையும் என்று எதிர்பார்த்தேன், குறையவில்லை, கோபத்துக்கு ஆள்தான் ஒன்று கூடியது, நான். கஸ்பாருக்குப் போன் போடுகிறேன். முதல் மணியிலேயே எடுக்கிறார், போனைக் கையிலேயே வைத்திருந்தார் போல. "கெடச்சுதா?" என்கிறார். "கெடச்சுது. ஒண்ணு கேக்கணும் உங்களை. ரெண்டு மணி நேரம் அங்க உக்காந்தா குடிப்பீங்களா?" பின்னால் எங்கள் வீட்டு மின்விசிறி கடகடவென்று சுற்றுகிற சத்தம், பக்கத்து வீட்டில் யாரோ தேங்காய் உடைக்கிற சத்தம், ஒரு பைக் போகிறது. வேளாங்கண்ணியில் முழங்காலில் நடந்து சத்தியம் செய்திருக்கிறார், நத்தாலி தலையில் கை வைத்துச் செய்திருக்கிறார், செத்துப்போன அம்மா படத்தைத் தொட்டுச் செய்திருக்கிறார், குடிக்க மாட்டேன், குடிக்க மாட்டேன், இனிமேல் தொட்டால் நான் கஸ்பார் இல்லை, அப்படிச் சொன்ன அத்தனை நாளும் குடித்துவிட்டுத்தான் வந்தார். இப்போதும் அதையே சொல்வார், சொன்னால் நான் எதை வைத்து எடை போடுவேன், பேசாமல் கேட்காமலே இருந்திருக்கலாம். "குடிப்பேன்" என்கிறார். "என்ன?" "குடிப்பேன் பெர்னதெத். முதல்ல தாங்கிக்குவேன். சம்பந்தி கிளாஸை வந்து தட்டுவாரே, அதையும் தாங்கிக்குவேன். அப்புறம் நீ எழுந்து கை கழுவப் போவ பாரு, அப்பக் குடிப்பேன். நீ போகலைன்னா நான் போவேன், போற வழியில வேற மேசை இருக்கும். காலையிலேருந்து வயித்து வலின்னு சொல்லிப் படுத்துடலாமான்னு யோசிச்சுக்கிட்டே இருக்கேன்." "அதை என்கிட்ட சொல்றதுக்கென்ன?" "நீ டியூட்டி முடிச்ச கையோட இடம் பாக்கப் போயிருக்க." குரல் உடையவில்லை, ஒன்றும் இல்லை, எந்தக் கம்பத்தில் மின்சாரம் இருக்கிறது எதில் இல்லை என்று சொல்லுவாரே, அந்தக் குரல்.

அமலோற்பவத்திடம் மேசை வேண்டாம் என்றேன், எழுதியதை அடித்துவிட்டு, "நல்லதுக்கா" என்றாள், அதில்கூட எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். வீதிக்கு வந்து நிழலில் நிற்கவில்லை, நின்றால் யோசித்துவிடுவேன், நடந்துகொண்டே லெயோந்தினை அழைத்தேன். அவள் ஏதோ சமாதானம் சொல்லத் தொடங்கினாள், நான் விடவில்லை. "நம்புறேனான்னு கேட்டீங்க. எனக்குத் தெரியலை, அதனால அவரையே கேட்டேன். பார்ல உக்காந்தா குடிப்பேன்னு சொன்னார். அதனால பார் கிடையாது. நாளைக்குப் பன்னண்டரைக்கு எங்க வீடு. வஞ்சிர மீன் கொழம்பு வைப்பேன், வெயில்ல வேகுறது என் பாடு. மேசையில தண்ணி இருக்கும். ரெண்டு அப்பாவும் தண்ணி டம்ளரைத் தொட்டுக்கிட்டா வார்த்தை செல்லும்னா வாங்க. செல்லாதுன்னா வர வேணாம், நத்தாலிக்கு நானே சொல்லிக்கறேன்." மூச்சு வாங்குகிறது. அந்தப் பக்கம் சத்தமே இல்லை, போனை வைத்துவிட்டாளா என்று திருப்பிப் பார்த்தேன், நொடிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. முடிந்தது, கெடுத்துவிட்டேன், ஒரு நல்ல பையனை, இரண்டு வருடமாக என் பெண் பேசிக்கொண்டிருக்கிற பையனை, ஒரு சாயங்கால வெயிலில் நடுவீதியில் வைத்துக் கெடுத்துவிட்டேன். "குடிப்பேன்னா சொன்னார்?" என்று கேட்கிறாள் லெயோந்தின். "ஆமா." "அப்படியே, அந்த வார்த்தையாவா?" "அந்த வார்த்தையேதான்." மூக்கை உறிஞ்சுகிற மாதிரி ஒன்று கேட்டது, ஜலதோஷமாகவும் இருக்கலாம். "மார்செல் சாகிற வரைக்கும் ஒரு தடவைகூட அப்படிச் சொன்னதில்ல" என்கிறாள். பிறகு, "நாளைக்கு நான் என்ன கொண்டு வரட்டும்?" "ஒண்ணும் வேணாம். நேரத்துக்கு வாங்க" என்றேன். குரல் இன்னும் கடுகடு என்றுதான் இருந்தது. அதை மாற்றிக்கொள்ள நான் முயற்சி செய்யவில்லை.